சைமனுக்கு ஒரு இளைப்பாற்றிப் பூசை

சைமன் இறந்துவிட்டதாகக் கோயில் மைக்கில் வாசிக்கப்பட்ட ஞாயிற்றுக்கிழமை காலை, அவர் தன் வீட்டு முன்னறையில் தரையில் தூங்கிக்கொண்டிருந்தார்.

ராயபுரத்தில் எங்கள் தெரு அகலம் குறைந்தது. எதிரெதிர் வீட்டுக்காரர்கள் வாசலைவிட்டு இறங்காமலே தீப்பெட்டியைக் கைமாற்றிக்கொள்ளலாம். அவர் வீடு எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே. புழுக்கத்துக்காகக் கதவைத் திறந்துவைத்துத்தான் தூங்குவார். ஆகவே அவர் தூங்குவதைப் பல வருடங்களாகப் பார்த்திருக்கிறேன். பகலில் தூங்குகிறவருடைய முகம் ஓய்வாக இருக்காது. வெளிச்சத்தோடு ஏதோ வழக்காடிக்கொண்டிருப்பதுபோலப் புருவம் சுருங்கியிருக்கும். அவர் மனைவி ஜானட் வெளியே கிளம்பும்போது ஒரு வெள்ளைப் போர்வையைத் தலைவரை இழுத்து மூடிவிட்டுப் போவார். ஈ மொய்க்காமல் இருப்பதற்காக.

சைமனுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. திருவொற்றியூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை. துறைமுகத்திலிருந்தும் காட்டுப்பள்ளியிலிருந்தும் லாரிகளில் வருகிற பெட்டிகளை அங்கே ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வைப்பார்கள். அந்த அடுக்குகளுக்கு நடுவில் ஒளிரும் சட்டை போட்டுக்கொண்டு, டார்ச்சும் விசிலுமாக நின்று, லாரிகளுக்கும் பெட்டி தூக்கும் வண்டிக்கும் கை காட்டுகிறவர் சைமன். வா, வா, ஒடிச்சுத் திருப்பு, நிறுத்து. வேலை முழுவதும் இந்தச் சொற்களுக்குள் அடங்கிவிடும். யார்டில் யாரும் கன்டெய்னர் என்று முழுதாகச் சொல்வதில்லை, பெட்டி என்றுதான் சொல்வார்கள். எங்கள் தெருவில் பெட்டி என்றால் ஆள் செத்தபிறகு வருவது.

கல்யாணமாகி வெகுகாலம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றிப் பேசவேண்டியதை எல்லாம் இருவரும் எப்போதோ பேசி முடித்துவிட்டார்கள். ஜானட் ஒரு நர்சரி பள்ளியில் ஆயா. பகலெல்லாம் அங்கே பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துவிட்டு மாலையில் திரும்பும்போது, சைமன் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருப்பார். அவர்களுடைய குடும்ப வாழ்க்கை பெரும்பாலும் அந்த வாசற்படியில்தான் நடந்தது.

ஒருகாலத்தில் சைமன் கோயில் பாடகர் குழுவில் இருந்தார். குரல் தடித்த குரல். அது தனியாகக் கேட்காது. ஆனால் அவர் வராத நாளில் பாட்டு தரையை விட்டு எழும்பி ஆடுவதுபோல இருக்கும் என்பார்கள். அப்போது நான் சின்னப் பையன், எனக்கு அதெல்லாம் நினைவில்லை. அவர் கோயிலுக்கு வராத வருடங்கள்தான் எனக்குத் தெரியும்.

வராமல் போனதற்குக் காரணம் ஒரு கிறிஸ்துமஸ் இரவு. அன்று சைமனுக்கு நைட் டியூட்டி விழுந்துவிட்டது. அதே வேலை பார்த்த வேலப்பன், புளியந்தோப்பு குடியிருப்பில் இருந்தவர், ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவர், "நீ போ மாமு. உன் சாமி பொறக்கப்போவுது, நீ இங்க பெட்டிய பாத்துகினு நிப்பியா? நான் நிக்கிறேன்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். சைமன் போய் நள்ளிரவுப் பூசையில் பாடினார். யார்டில் ஒரு லாரி பின்னால் வந்து, வேலப்பனைப் பெட்டியோடு சேர்த்து நசுக்கிவிட்டது. பாடகர் குழுவில் செல்போனை அணைத்துவைப்பது வழக்கம். பூசை முடிந்து எல்லோரும் கேக் பிட்டுத் தின்றுகொண்டிருந்தபோதுதான் சைமன் போனைத் திறந்தார்.

அதன்பிறகு அவர் கோயிலுக்குள் போகவில்லை. சண்டை ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஜானட்டைக் கோயில் கேட் வரை கொண்டுவந்து விடுவார், அப்படியே திரும்பிப் போய்விடுவார். யார்டில் யார் லீவு கேட்டாலும் அவர்களுடைய டியூட்டியைத் தான் எடுத்துக்கொண்டார். தீபாவளிக்கு குணசேகரனுடையது. ரம்ஜானுக்கு மஜீதுடையது. பொங்கல், காதுகுத்து, மச்சான் கல்யாணம், எதுவானாலும். "நீ போப்பா, நான் நிக்கிறேன்." கிறிஸ்துமஸ் இரவை மட்டும் அவர் யாரும் கேட்பதற்கு முன்பே தன் பேரில் எழுதிக்கொண்டுவிடுவார்.

கத்தோலிக்கர்கள் சொல்கிற உத்தரிக்கிற ஸ்தலம் மோட்சமும் அல்ல, நரகமும் அல்ல. முழுதாகச் சுத்தமாகாமல் இறந்தவர்கள், மோட்சத்துக்குப் போவதற்கு முன் துன்பப்பட்டுத் தூய்மையாகிற நிலை. எங்கள் தெருவில் இந்தச் சொல் சாதாரணமாகப் புழங்கும். கூட்டமான பஸ்ஸில் எண்ணூர்வரை நின்றுகொண்டே போனாலும் உத்தரிச்சிட்டு வந்தேன் என்பார்கள். சைமன் மட்டும் அதை விளையாட்டுக்குச் சொன்னதில்லை. ஜானட் ஒருநாள், "இன்னிக்காவது படுய்யா" என்று கெஞ்சியபோது, செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "இங்கயே உத்தரிச்சிட்டா அங்க கொஞ்சம் கொறையும்." கணக்கு அவ்வளவுதான். மறுமையின் வேதனையை முன்கூட்டியே இங்கே பட்டுத் தீர்த்துக்கொள்வது.

இந்த வருடம் மழை தொடங்கிய சமயத்தில் யார்டில் ஒன்று நடந்தது. சைமன் பெட்டிகளுக்கு நடுவில் நின்றபடியே தூங்கிவிட்டார். கை மட்டும் வா வா என்று அசைந்துகொண்டிருந்ததாம். லாரிக்காரன் தற்செயலாகக் கண்ணாடியைப் பார்த்ததால் நிறுத்தினான். குணசேகரன் அதை ஒரு வேடிக்கைக் கதையாக ஜானட்டிடம் சொன்னார். "அண்ணன் தூங்கசொல்ல கூட டியூட்டி பாக்குதுக்கா." ஜானட் சிரிக்கவில்லை. வாசலில் உட்கார்ந்து வெகுநேரம் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்ததை எதிரிலிருந்து பார்த்தேன். அடுத்தமுறை லாரிக்காரன் கண்ணாடியைப் பார்க்காமல் போகலாம். ஜானட்டுக்குத் தெரிந்த பயம் அது ஒன்றுதான். சைமனிடம் சொல்லிப் பார்த்தாகிவிட்டது, அழுதும் பார்த்தாகிவிட்டது, இரண்டு வாரம் பேசாமல் இருந்தும் பார்த்தாகிவிட்டது.

மிஞ்சியிருந்தது கோயில். ஜானட் கோயில் அலுவலகத்துக்குப் போய், "சைமன் பேர்ல ஒரு பூசை வேணும். இளைப்பாற்றிக்கு" என்று சொன்னார்.

நவம்பர் மாதம் இறந்தவர்களின் மாதம். கல்லறைத் திருநாள் முடிந்து, தினமும் செத்தவர்கள் பெயரில் பூசைக்கு எழுதிக்கொடுக்க வரிசை நிற்கும். இளைப்பாற்றி என்ற சொல் கோயிலில் அவர்களுக்கு மட்டும்தான் சொல்லப்படும்: இன்னாரின் ஆன்ம இளைப்பாற்றிக்காக. அலுவலகத்துப் பெண் ஊருக்குப் புதியவள். தலையைத் தூக்காமல் எழுதிக்கொண்டாள்.

ஞாயிறு முதல் பூசையில் அதை வாசித்தவர் ஜார்ஜ். ரயில்வேயில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவர். எதை வாசித்தாலும் அது சரியான நேரத்துக்கு வந்து சேரும் என்பதுபோல ஒரு குரல். "கன்டெய்னர் யார்டு சைமன் அவர்களின் ஆன்ம இளைப்பாற்றிக்காக, அன்பு மனைவி ஜானட்."

கோயிலுக்குள் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது. ஜானட்டுக்குப் பக்கத்தில் இருந்த பெண் அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினாள். ஜானட்டுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. அந்தப் பெண்ணுக்குத்தான் ஏதோ துக்கம் என்று நினைத்து அவள் முதுகைத் தடவிக்கொடுத்தார். பூசை முடிந்தபோது ஜானட்டைச் சுற்றி ஒரு கூட்டம். அதற்குள் வேறொரு கூட்டம் தெருவுக்குப் போய்விட்டது.

வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே தரையில், தலைவரை வெள்ளைப் போர்வை மூடிய ஓர் உருவம்.

பெண்கள் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். யாரோ என்னிடம் கோயில் ஹாலிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகள் எடுத்துவரச் சொன்னார்கள். இரவு டியூட்டி முடிந்து சைமன் நடந்துவந்ததை விடிகாலையில் நான் பார்த்திருந்தேன். ஆனாலும் போனேன். ஆறு நாற்காலிகளோடு திரும்பியபோது மூலைவீட்டுச் சிலுவையம்மாள் உள்ளே எட்டிப்பார்த்து, மெல்லிய குரலில் யாரையோ கேட்டுக்கொண்டிருந்தார்: "பெட்டி வந்துடுச்சா?"

போர்வைக்குள்ளிருந்து பதில் வந்தது. "நாலாவது வரிசையில வெச்சிரு."

சிலுவையம்மாள் இருந்த இடத்திலேயே சரிந்தார். அவரைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்துத் தண்ணீர் தெளித்தோம். எல்லா நாற்காலிகளிலும் அது ஒன்றுதான் அப்போது சரியாகப் பயன்பட்டது. சத்தம் கேட்டு சைமன் எழுந்து உட்கார்ந்தார். லுங்கியை இறுக்கிக்கொண்டு, வாசலில் நிற்கிற கூட்டத்தைப் பார்த்து, "யாருக்கு இன்னா ஆச்சி?" என்று கேட்டார்.

அப்போதுதான் அவர் போன் அடித்தது. குணசேகரன். யார்டு வாட்ஸ்அப் குழுவில் சைமனின் அடையாள அட்டைப் படத்தை வெட்டிப்போட்டு, கீழே கண்ணீர் அஞ்சலி என்று எழுதியவரும் அவர்தான். ஜானட்டிடம் துக்கம் கேட்பதற்காக சைமனின் எண்ணுக்கே அடித்திருந்தார். சைமனுக்கு எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசத் தெரியும். எல்லோரும் கேட்டோம்.

"அலோ."

மறுபக்கம் நீண்ட அமைதி. "அண்ணா, நீயா?"

"பின்ன யாரு?"

"இல்ல... போய்ட்டன்னாங்க."

"எங்க போனேன்? வூட்லதான் கீறேன்."

தொண்டையைச் செருமுகிற சத்தம். "செரி செரி. அப்ப நாளைக்கி நைட்டு என்னுது பாத்துக்கிறியா? போன வாரம் சொன்னேனே."

வாசலில் யாரோ சிரித்தார்கள். கூட்டத்தைப் பிளந்துகொண்டு அப்போதுதான் வந்துசேர்ந்த ஜானட் அந்தக் கேள்வியை முழுதாகக் கேட்டார். போனைப் பிடுங்கி, "நாளைக்கி அடக்கம். ஆள் வரமாட்டாரு" என்று சொல்லி அணைத்தார்.

பின்னாலேயே ஜார்ஜ் வந்தார். வேர்த்திருந்தார். ஒரு வாழ்நாளில் எத்தனையோ ரயில்களை அறிவித்தவர், தவறான மேடையில் நின்றுவிட்டதைப்போல நின்றார்.

"பேப்பர்ல இருந்ததத்தான் வாசிச்சேன் சைமன். தப்பா எடுத்துக்காத."

"இன்னா வாசிச்ச?"

ஜார்ஜ் சொன்னார். சைமன் கேட்டுக்கொண்டார். "நல்லா வாசிச்சியா?"

"எப்பவும் போலத்தான்."

"உன் கொரல்ல கேட்டா நம்பத்தான் செய்வாங்க" என்று சொல்லிவிட்டு சைமன் சுவரில் சாய்ந்துகொண்டார். அவருக்கு இன்னும் தூக்கம் கலையவில்லை.

ஜார்ஜ் ஜானட் பக்கம் திரும்பினார். "ஏம்மா, உயிரோட இருக்கற மனுசனுக்கு இளைப்பாற்றின்னு யாராவது எழுதிக் குடுப்பாங்களா? நலனுக்காகன்னு சொல்லணும். இளைப்பாற்றின்னா செத்தவங்களுக்குத்தான்."

"ஏன்?" என்றார் ஜானட். "உயிரோட கீறவனுக்கு இளைப்பு கெடையாதா? செத்தாதான் ஆத்துவாங்களா?"

சிலுவையம்மாள் நாற்காலியிலிருந்து, "அதானே" என்றார்.

சைமன் தலையைத் தூக்கி ஜானட்டைப் பார்த்தார். "எனக்கா கேட்ட?"

"இல்ல, எதிர்வூட்டுக்காரனுக்கு." ஜானட் கொடியில் இருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீ நின்னுகினே தூங்கறியாம். எனக்குச் சொல்லி மாளல. ஆண்டவருகிட்ட சொல்லிப் பாக்கலாம்னு போனேன். அவரும் உன்ன செத்தவங்க லைன்ல சேத்துட்டாரு."

கூட்டம் ஒவ்வொருவராகக் கலைந்தது. சாவு வீட்டுக்கு வந்துவிட்டு, சாவு இல்லாமல் திரும்பிப் போவது எப்படி என்று யாருக்கும் தெரியவில்லை. சிலர் வரட்டுமா என்று சொன்னார்கள், சிலர் சாவு வீட்டு வழக்கப்படி சொல்லாமலே போனார்கள். நாற்காலிகளைத் திருப்பிக் கொண்டுபோக நான் காத்திருந்தேன்.

இரண்டாம் பூசை முடித்துவிட்டுப் பாதர் வந்தார். எங்கள் பங்குக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. இளைஞர், தென்மாவட்டத்துப் பேச்சு. நனைந்த குடையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டார். சைமனிடம் மன்னிப்புக் கேட்டார். மாலையில் இன்னொரு அடக்கம் இருப்பதாகச் சொன்னார். "இது நிஜமானது" என்று சேர்த்துக்கொண்டபோது அவருக்கே சிரிப்பு வந்து, அடக்கிக்கொண்டார்.

ஜானட் டீ கொடுத்தார். சைமன் தம்ளரைக் குடிக்காமல் உருட்டிக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார். பழைய பாதரிடமே கேட்டிருக்கவேண்டிய கேள்வியாக இருக்கும் அது.

"பாதர், வேலப்பன்னு ஒருத்தன். ஞானஸ்நானம் வாங்காதவன். அம்மனுக்குக் கூழ் ஊத்தறவன். எனக்காகச் செத்தான். அவன் இப்ப எங்க கீறான்?"

"எனக்குத் தெரியாது சைமன்" என்றார் பாதர். குடையைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, "நம்பிக்கை உண்டு. தெரியாது. ஆனா ஒண்ணு வேதத்துலயே எழுதியிருக்கு. கடைசி நாள்ல ஆண்டவர் கேக்கப்போறது என்னன்னு. பசிச்சுக் கெடந்தவனுக்குச் சோறு போட்டியா, நோயாளிய வந்து பாத்தியா, அப்படித்தான் கேக்கறாரு. எந்தக் கோயிலுக்குப் போனேன்னு அதுல ஒரு கேள்விகூட இல்ல. ஒருத்தன் பூசைக்குப் போகணும்னு அவனுக்காக நின்ன ஆளு அந்தக் கேள்விக்கு முன்னால எப்படி நிப்பாருன்னு நீங்களே யோசிங்க" என்றார்.

சைமன் யோசித்தார். "அப்ப அவன் பொழைச்சான். பாக்கி நான்தான்." தம்ளரைக் கீழே வைத்தார். "நான் இங்கயே உத்தரிச்சிட்டுப் போய்ட்றேன் பாதர்."

"உத்தரிக்கிற ஸ்தலம் ஆண்டவர் நம்மளச் சுத்தம் பண்ற எடம். ஆளப் போட்டு அடிக்கிற கொட்டடி இல்ல. அது அவரு வேலை. நீங்களே ஷிப்ட் போட்டுக்கிட்டுச் செய்யற வேலை இல்ல."

"நல்லாத்தான் சொல்றீங்க" என்றார் சைமன். மரியாதைக்காகச் சொன்னது அது. பாதருக்கும் அது தெரிந்தது. டீயைக் குடித்துவிட்டு, இருவர் தலையிலும் கை வைத்துச் செபித்துவிட்டு, குடையை விரித்துக்கொண்டு போனார். அவர் போனபிறகு சைமன் மறுபடி தரையில் படுத்தார். "சாயங்காலம் ஆறுக்கு எழுப்பு" என்றார். ஜானட் டீத் தம்ளர்களை எடுத்தார். அவர் செய்ய நினைத்த கடைசி காரியமும் நடந்து, முடிந்து, ஒன்றும் மாறாமல் இருந்தது.

உச்சிவேளையில் தெருமுனையில் ஒரு பெண் மாலையோடு வழி கேட்டுக்கொண்டு வந்தார். மழையில் முந்தானையால் மாலையை மூடியிருந்தார், தலையை மூடவில்லை. வேலப்பன் மனைவி தாயம்மா. யார்டு குழுவில் வந்த படத்தை யாரோ அவருக்கு அனுப்பியிருந்தார்கள். அது பொய்ச் செய்தி என்று திருப்பிச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்.

வாசலில் அவரைப் பார்த்ததும் சைமன் எழுந்து நின்றார். தாயம்மா அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். மாலையைப் பார்த்தார். பிறகு நான் அடுக்காமல் வைத்திருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"பஸ்ல வர்றசொல்லவே நெனச்சிகினு வந்தேன்" என்றார். "திரும்பிப் போனதும் தலைக்குக் குளிக்கணும், வூட்ல தண்ணி கீதா இல்லியான்னு. நீ இன்னாடான்னா கல்லாட்டம் நிக்கிற."

ஜானட் நடந்ததைச் சொன்னார். தாயம்மா முழுதும் கேட்டார். இளைப்பாற்றி என்ற சொல்லை மட்டும் இரண்டு தடவை திருப்பிச் சொல்லச் சொன்னார்.

"செரிதான்" என்றார். "அண்ணனப் பாத்தா அப்படித்தான் கீது. பொணம் நடமாட்ற மாதிரி." சைமன் பக்கம் திரும்பினார். "உன்னாண்ட ஒண்ணு கேக்கணும்ண்ணா. வருசா வருசம் அவரு செத்த நாளுக்கு வந்து என் வாசல்ல நிக்கிற. உள்ள வான்னா வரமாட்ட. டீ குடின்னா குடிக்கமாட்ட. மொகத்தத் தொங்கப்போட்டுகினு நின்னுட்டுப் போய்ட்ற. அன்னிக்கி நான் எனக்குன்னு கொஞ்சம் அழலாம்னு பாத்தா, உன்னத் தேத்தி அனுப்பறதே எனக்கு வேலையாப் போவுது. அது தெரியுமா உனக்கு?"

சைமன் தெரியாது என்பதுபோலத் தலையசைத்தார்.

"எனக்கு அவரு போனது ஒரு கஷ்டம். நீ வந்து நிக்கிறது இன்னொரு கஷ்டம். சொல்லக்கூடாதுன்னு இருந்தேன். இன்னிக்கி செத்துட்டன்னு சொன்னாங்களா, அடச்சே, சொல்லாமலே போச்சேன்னு ஆயிடுச்சி."

"அவன் எனக்காக நின்னான் தாயம்மா" என்றார் சைமன்.

"ஆமா. எதுக்கு நின்னாரு?"

சைமன் மாலையைப் பார்த்தார்.

"சொல்லு. எதுக்கு நின்னாரு? நீ போய்ப் பாடணும்னு. வூட்ல வந்து சொல்லுவாரு, சைமனு பாடுனா சர்ச்சே அதிரும்னு. ஒரு தபா கூட வந்து கேட்டதில்ல அவரு. நீ சொன்னத வெச்சி நம்பினாரு. அதுக்காக நின்னு செத்தாரு. நீ அன்னியோட நிறுத்திட்ட. அந்தப் பக்கமே போறதில்லியாமே? அக்கா சொல்லுது." தாயம்மா மூச்சு வாங்கினார். அவர் கோபப்பட்டுப் பேசவில்லை. நெடுந்தூரம் தூக்கிவந்த ஒன்றை இறக்கிவைக்கிற மாதிரிதான் பேசினார். "அப்ப அவரு நின்னது எதுக்கு? சொம்மாவா?"

மழை கூடியது. சைமன் மெல்லத் தரையில் உட்கார்ந்தார். கைகள் இரண்டும் மடியில் கிடந்தன. அவ்வளவு காலம் லாரிகளுக்குக் காட்டிய கைகள், அப்போது எந்தப் பக்கமும் காட்டத் தெரியாமல் இருந்தன. அவர் அழுதாரா என்று எனக்குத் தெரியாது. நான் நாற்காலிகளை அடுக்குகிற சாக்கில் வெளியே வந்துவிட்டேன்.

உள்ளே ஜானட், "சாப்ட்டுட்டுப் போலாம் தாயம்மா" என்றார்.

"சாவு வூட்ல சாப்டக்கூடாது."

"இன்னா சாவு? ஆளு எதுர்ல கீறாரு."

"ஆமால்ல" என்றார் தாயம்மா. "மாலைய இன்னா பண்றது?"

கடைசியில் மாலையைச் சுவரில் இருந்த திரு இருதயப் படத்துக்குப் போட்டார்கள். படத்துக்கு அது பெரிய மாலை. இயேசுவின் முகம் மட்டும் வெளியே தெரிந்தது. மூன்றுபேரும் கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டார்கள். தாயம்மா இரண்டாம் முறை சோறு கேட்டது எதிர் வீடுவரை கேட்டது.

அன்று மாலை சைமன் வேலைக்குப் போனார். அது அவருடைய சொந்த டியூட்டி. திங்கட்கிழமை குணசேகரன் மறுபடி அழைத்தார். வாசலில் நின்று சைமன் பேசியது எனக்குக் கேட்டது. "முடியாதுப்பா" என்றார். குணசேகரனுக்கு அந்த வார்த்தையை சைமன் வாயால் கேட்டுப் பழக்கம் இல்லை. "இன்னாண்ணா இப்டி பண்ற? உன்ன நம்பி நான் எல்லாத்துக்கும் சொல்லிட்டேன். பேஜாரு பண்ணாதண்ணா" என்றார். சைமனுக்குச் சொல்லக் காரணம் எதுவும் கிடைக்கவில்லை. காய்ச்சல் என்றோ சாவு என்றோ சொல்லியிருக்கலாம். "முடியாதுப்பா" என்று அதையே இன்னொரு தடவை சொன்னார். போனை வைத்தபிறகும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார், ஏதோ திருடியவரைப்போல. யார்டில் ஒருவாரம் அவரிடம் யாரும் சரியாகப் பேசவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். மற்றவர்களுக்கு நல்லவராக இருந்து இருந்து, அது அவர் சம்பளத்துக்குச் செய்தாகவேண்டிய வேலைகளில் ஒன்றாக ஆகிவிட்டிருந்தது.

அடுத்த ஞாயிறு அவர் ஜானட்டோடு கேட் வரை வந்தார். நின்றார். ஜானட் கையை இழுக்கவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை, நேராக உள்ளே நடந்தார். கொஞ்சம் பின்னால் சைமனும் நடந்தார்.

கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அதே பெஞ்சின் மறுகோடியில் நான் இருந்தேன். பாடகர் குழு இருக்கும் பக்கம் சைமன் பார்க்கவே இல்லை. முதல் பாட்டுக்கு அவர் உதடுகள் அசைந்தன, குரல் வரவில்லை. எழுந்து நிற்பதும் உட்காருவதும் அவருக்கு மறக்கவில்லை. முதல் வாசகம் தொடங்கியபோது கண்ணை மூடினார். செபிக்கிறார் என்று நினைத்தேன். நற்செய்தி வாசகத்துக்கு எல்லோரும் எழுந்தபோது அவர் எழவில்லை. தலை ஜானட்டின் தோளில் சரிந்திருந்தது. ஜானட்டும் எழவில்லை.

பிரசங்கத்தில் பாதர் எதையோ உரக்கச் சொன்னார். சைமன் லேசாகக் குறட்டை விட்டார். முன்வரிசைச் சிறுமி ஒருத்தி திரும்பிப் பார்த்துச் சிரிக்க, அவள் அம்மா தலையில் தட்டினாள். மைக்குக்குப் பக்கத்தில் நின்ற ஜார்ஜுக்கு அங்கிருந்து தெரிந்திருக்க வேண்டும். அறிவிப்புகளை அன்று கொஞ்சம் தணிந்த குரலில் வாசித்தார். நற்கருணை அப்பம் வாங்க வரிசை நகர்ந்தபோது ஜானட் மட்டும் போகாமல் உட்கார்ந்தே இருந்தார். நான் பார்த்தவரையில் அவர் நற்கருணை வாங்காத ஞாயிறு அது ஒன்றுதான்.

சைமன் விழித்தபோது எங்களைத் தவிரக் கோயில் காலியாகியிருந்தது. ஒரு கணம் எங்கே இருக்கிறோம் என்று தேடினார். அவர் புருவத்தில் சுருக்கம் இல்லை.

"முடிஞ்சிடுச்சா?"

"முடிஞ்சிடுச்சி."

"பாதர் இன்னா சொன்னாரு?"

"நான் எங்க கேட்டேன்? நீ விழுந்துடப்போறியேன்னு பாத்துகினு இருந்தேன்."

சைமன் முகத்தைத் தேய்த்துக்கொண்டார். எழுந்திருக்கப்போனவர் மறுபடி சாய்ந்தார். "இன்னும் கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போலாமா?"

ஜானட் தோளைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். அது மரத்துப்போயிருந்தது. அடுத்த பூசைக்கு ஆட்கள் குடையை உதறிக்கொண்டு வரத் தொடங்கியிருந்தார்கள். அவர் சுவரோரமாக நகர்ந்து, சைமனையும் இழுத்து நகர்த்தி, அவர்களுக்கு இடம் விட்டார்.